சனிக்கிழமைக் கோழிக்குஞ்சு

என் வயதுக்காரர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், இல்லையென்றால் அதைவிட மோசமாக, ‘ஐயோ பாவம்’ என்பார்கள். ஒரு மனுஷரைச் சாகவிடாமல் காவல் காப்பது எத்தனை அலுப்பான வேலை என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். எட்டு வயதில் மூன்று மாதம் அந்த உத்தியோகம் பார்த்தேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, வெளியே சொல்லிக்கொள்ளவும் கூடாது.

எங்கள் நைனா ரயில்வே கேட்டுக்காரர். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மயிலம் போகிற ரோடு தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் எங்கள் கேட்டு. அதை ஒட்டியே ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாக ரயில்வே கொடுத்த வீடு. சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அது சண்டைக் காலம். பட்டாளத்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு நேரங்கெட்ட நேரத்திலெல்லாம் வண்டி வரும். என்ஜின் கரி எங்கள் சோற்றிலும் விழும், காய வைத்த துணியிலும் விழும். நாங்கள் எல்லாரும் பிறந்த நிறம் என்ன என்று எங்களுக்கே தெரியாது. எல்லாரும் என்றால் நைனா, அம்மா, நான், ஒரு தாய்க்கோழி, அதன் ஏழு குஞ்சுகள்.

அம்மா ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். ஆறாம் நாள் சனிக்கிழமை விடிகிற நேரத்தில் செத்துப்போனாள்.

விழுப்புரத்திலிருந்து அத்தை காலைப் பாசஞ்சரில் வந்தாள். நைனாவுக்கு அக்கா. அவளுடைய அழுகை அவளுக்கு முன்னாலேயே வண்டியிலிருந்து இறங்கிவிட்டது. அத்தைக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. தண்டவாளத்து ஆட்களுக்குத் தலைவரான மேஸ்திரி, கல்யாணம் கருமாதி எதுவானாலும் தானே முன்னால் நிற்கிறவர். பாடை கட்டுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். கட்டி முடித்ததும் நிமிர்ந்து, “இன்னிக்கி சனிக்கெழமையாச்சே, கோழிக்குஞ்சு இருக்குதா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் எங்கள் குஞ்சுகளில் ஒன்றைப் பிடித்துவிட்டார். ஏழில் அது ஒன்றுதான் கழுத்தில் மயிரே இல்லாமல் மொட்டையாக, அசிங்கமாக இருக்கும். அதன் காலில் நூலைக் கட்டி, மறுமுனையைப் பாடை மூங்கிலில் முடிந்தார்.

குஞ்சு கீச்சுக் கீச்சென்று கத்தித் தீர்த்தது. தாய்க்கோழி பாடையைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. அத்தை போட்ட சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் நைனாவைக் கிணற்றடியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, போய் அந்த முடிச்சைத் தளர்த்திவிட்டேன். அவிழ்க்கவில்லை, தளர்த்தினேன். அவிழ்த்தால் உதை விழும் என்று தெரியும்.

நைனா கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். பாடை பின்னால் போனது. பெண்கள் நாங்கள் ரோட்டோடு நின்றுவிட்டோம். அப்புறம்தான் ஒரு பொம்பளை அத்தையைக் கேட்டாள், கோழி எதற்கு என்று. அத்தை மூக்கைச் சிந்திவிட்டு விவரமாகச் சொன்னாள்.

“சனிக்கெழம போறவங்க ஒண்டியாப் போவ மாட்டாங்க. வூட்லருந்து இன்னொரு ஆளத் துணைக்கு இட்டுக்கினு பூடுவாங்க. குஞ்ச கட்டி அனுப்பிட்டா, அத வெச்சிக்கினு வூட்டு ஆளுங்கள உட்டுடுவாங்க.”

வீட்டில் மிச்சம் இருந்ததே இரண்டு பேர். நான் சாவேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை, எட்டு வயதில் யாருக்குத் தோன்றும்? ஆகவே நைனாதான்.

மறுநாள் உச்சிவேளையில் அந்த மொட்டைக்கழுத்து மல்லாட்டைக் கொல்லைக்குள்ளிருந்து சாவகாசமாக நடந்து வந்தது. காலில் நூல் அப்படியே இருந்தது. சந்தைக்குப் போய்விட்டு வந்ததைப் போல நேராகத் தாய்க்கோழிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. நான் நூலைப் பல்லால் கடித்து எடுத்து அடுப்பில் போட்டேன். ஆறாகி இருந்த குஞ்சு மறுபடி ஏழானது. நைனா அதையெல்லாம் எண்ணமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு வடக்கே எத்தனை வண்டி போனது, தெற்கே எத்தனை வண்டி போனது என்று தூக்கத்திலும் தப்பாமல் சொல்கிற மனுஷர் அவர்.

அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

முதலில் சாப்பாடு. கூழில் பல்லி விழுந்திருக்கலாம், பூரான் விழுந்திருக்கலாம். நைனாவுக்குக் கேப்பைக் கூழை ஊற்றினால் நான் பிடுங்கி இரண்டு வாய் குடித்துப் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் அவரிடம் கொடுப்பேன். அந்தச் சமயம் பார்த்து நைனாவுக்கும் ஒரு கெட்ட பழக்கம் வந்து சேர்ந்தது. என் கிண்ணத்தை வாங்கி அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கொடுப்பார். மனுஷருக்குத் தன் பங்கு போதவில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் சாகப்போகிறவர் ஆயிற்றே, குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது கிணறு. நைனா தண்ணீர் இறைக்கப் போனால் அவர் வேட்டி நுனியை என் கையில் சுற்றிக்கொண்டு நிற்பேன். அவர் விழுந்தால் வேட்டி மட்டும்தான் என் கையில் மிஞ்சும் என்கிற விஷயம் அப்போது புத்தியில் ஏறவில்லை. அவரும் என்னைத் தனியாகக் கிணற்றடிக்கு விடுவதை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் இரண்டு மைல் தூரம். அதற்கும் அனுப்பவில்லை. “போவாத, வூட்லயே இரு” என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொண்டாட்டம். படிப்பு போனால் போகிறது, காவலுக்கு இடைஞ்சல் இல்லை.

ஒதுங்கப் போகும்போது பின்னாலேயே போனேன் என்றால் நம்புவீர்களா? போனேன். திரும்பி நின்றுகொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் “நைனா” என்று கூப்பிடுவேன். அவர் “இருக்கறேன் பாப்பா” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரும்பிவிடுவேன் என்று மிரட்டி வைத்திருந்தேன்.

இதையெல்லாம் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? பிள்ளை தாயை நினைத்து ஏங்கிப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேஸ்திரி வாரத்துக்கு ஒரு யோசனையோடு வந்தார். ஒரு வாரம் வளையல் வாங்கிக் கொடு என்றார். ஒரு வாரம் மயிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போடு என்றார். மொட்டையும் போட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் இரண்டு மொட்டை, கழுத்தில் ஒன்று, தலையில் ஒன்று.

மேஸ்திரி வருகிறார் என்றாலே எனக்குப் பயம். குஞ்சைப் பிடித்துக் கட்டியவரே அவர்தான், பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். தூரத்தில் அவர் தலைப்பாகை தெரிந்ததும் மொட்டைக்கழுத்தைப் பிடித்துப் பச்சை, சிவப்புக் கொடிகள் வைக்கிற மரப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவேன். ஒரு நாள் அந்த மனுஷர் வந்ததும் வராததுமாக அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாப்பா, கொழந்த எப்பிடி இருக்குது?” என்று ஆரம்பித்தார். பெட்டிக்குள்ளிருந்து ‘கீச்’ என்று சத்தம் வந்தது.

அதே சமயம் நைனாவுக்கு இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, லொக்கு லொக்கென்று இருமினார். கீச் என்று கேட்கும்போதெல்லாம் இருமல் அதிகமானது. மேஸ்திரி பயந்துபோனார்.

“இன்னாப்பா இது, இந்த இருமு இருமற? ஜல்தியா டாக்டராண்ட போ. பொண்டாட்டி போன கையோட நீயும் படுத்துடப் போற, அப்பறம் பேஜாராப் பூடும்.”

அம்மா வந்துவிட்டாள், வேலையை ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். மேஸ்திரி எழுந்து போனதுதான் தாமதம், இருமல் பட்டென்று நின்றது. அது இன்னும் மோசமான அறிகுறி என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து காவலை இரட்டிப்பாக்கினேன்.

கன்றுக்குட்டிக்கு என்று அம்மா வாங்கி வைத்த கயிறு ஒன்று வீட்டில் இருந்தது. கன்றுக்குட்டி வாங்கவே இல்லை. அந்தக் கயிற்றை எடுத்து ஒரு முனையை நைனாவின் இடுப்பில் கட்டினேன், மறுமுனையைக் கேட்டுத் தூணில் கட்டினேன். வண்டி வரும்போது அவர் தண்டவாளத்துப் பக்கம் சாயக்கூடாது, அவ்வளவுதான். நைனா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீயும் இங்கயே என்னப் புடிச்சிக்கினு நில்லு, அப்பால போவாத” என்றார். ஆக, வண்டி வரும்போதெல்லாம் கேட்டுக்காரர் தூணில் கட்டிப்போட்டபடி பச்சைக்கொடி காட்டுவார், ஒரு மொட்டைப் பெண் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்பாள். என்ஜின் டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு போவார்கள். பட்டாளத்து வண்டியிலிருந்து ஒரு தரம் கைதட்டினார்கள்.

எத்தனை நாளைக்கு ஓடும்? ஒரு நாள் காலையில், லைனைப் பார்வையிடுகிற பெரிய அதிகாரி தள்ளு டிராலியில் வந்து இறங்கினார். தலையில் தொப்பி, கையில் குடை. அவரை எல்லாரும் டிராலி ஐயா என்போம். வந்தவர் கயிற்றைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார்.

“என்னய்யா இது, கேட்டுக்காரனைக் கட்டி வச்சிருக்கு?”

“கொழந்தைக்கு அம்மா ஏக்கம்ங்க” என்றார் நைனா. அவிழ்த்துக்கொள்ளக்கூட மறந்து சலாம் வைத்தார்.

டிராலி ஐயா நல்ல மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். தன் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கோத்து எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்குவதற்குள் நைனா பிடுங்கி ஒரு கடி கடித்துவிட்டுக் கொடுத்தார். ஐயா அதையும் பார்த்தார். கொஞ்ச நேரம் குடையால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தார்.

“இங்க பாருய்யா, இது வேலைக்கு ஆகாது. வண்டி ஓடுற எடம். பத்து நாள் டைம் தர்றேன். பொண்ண எங்கியாவது சொந்தக்காரங்க வீட்ல விடு. இல்லேன்னா உன்ன கேட்டுலேர்ந்து எடுத்துடுவேன்.”

அந்தப் பிஸ்கோத்து மாதிரி ருசியான பண்டத்தை நான் பிறகு சாப்பிட்டதே இல்லை. ஆனாலும் தின்னும்போதே எனக்கு ஒரே கவலை. நான் போய்விட்டால் நைனாவை யார் பார்த்துக்கொள்வது?

ஒன்பதாம் நாள் நைனா மாற்றாளைக் கேட்டில் நிறுத்திவிட்டு என்னை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்தை எங்களை விடப் பெரிய ஏற்பாட்டோடு இருந்தாள். என்னைத் தன்னோடு வைத்துக்கொள்வது முதல் ஏற்பாடு. நைனாவுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தது இரண்டாவது.

“தம்பி, கொழந்த ஏக்கத்துக்கு மருந்து வேற ஒண்ணும் கெடையாது. புதுசா ஒரு அம்மா வந்துட்டா எல்லாம் சரியாப் பூடும்” என்றாள்.

“யக்கா, அவ போயி மூணு மாசம்தான் ஆவுது” என்றார் நைனா.

“நான் இன்னா நாளைக்கேவா தாலி கட்டச் சொன்னேன்? பாத்து வெச்சிக்கோ.”

பெருமுக்கல் ஊர்க்காரப் பெண். முப்பது வயதிருக்கும். ஏனோ கல்யாணம் தட்டிப்போய்க்கொண்டே இருந்ததாம். வந்து பாயில் உட்கார்ந்தார். அத்தை என்னைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள், நான் வழுக்கிக்கொண்டு நைனாவிடம் போனேன். மறுபடி வைத்தாள், மறுபடி போனேன். அத்தை சளைக்காமல் வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். நைனா எடுத்த பஜ்ஜியை நான் பிடுங்கிக் கடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். எனக்கு வைத்ததை நைனா கடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தட்டில் இருந்த ஆறு பஜ்ஜியும் இப்படியே போனது.

அந்தப் பெண் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நைனாவைப் பார்த்துப் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நானும் தாயில்லாம வளந்தவதான். அம்மாவுக்கு ஏங்கற புள்ள வாசலப் பாத்துக்கினு இருக்கும். இது உங்களயே பாத்துக்கினு இருக்குது. நீங்களும் அதயே பாத்துக்கினு இருக்கறீங்க. இதுக்கு அம்மா வேணும் ஆட்டுக்குட்டி வேணும்னு எல்லாரும் சொல்றாங்களே, இன்னா விசயம்னு அதுங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?”

யாரும் கேட்கவில்லை. அத்தைக்கு முகம் செத்துப்போனது.

“கேட்டுட்டு அப்பறமா சேதி சொல்லி அனுப்புங்க” என்று எழுந்து போய்விட்டார். நைனா ரொம்ப நாள் கழித்து ஒரு வழியாகச் சேதி சொல்லி அனுப்பினபோது அவருக்கு வேறிடத்தில் முடிந்திருந்தது. நல்ல மனுஷி, எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மத்தியான வண்டிக்கு நைனா மட்டும் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. நான் அவர் இடுப்பை விடவில்லை. அத்தை இழுத்துப் பார்த்தாள், மாமா இழுத்துப் பார்த்தார். கடைசியில் நைனா என்னைச் சுமந்துகொண்டே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். விழுப்புரம் ஜங்ஷன் உங்களுக்குத் தெரியுமே, எந்நேரமும் ஜேஜே என்று ஜனம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

“பாப்பா, நீ எதுக்கு என்னயே பாத்துக்கினு இருக்கற?”

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“நீ செத்துடுவ நைனா. அம்மா உன்ன இட்டுக்கினு பூடும். நான்தான் குஞ்சு முடிச்சத் தளத்திட்டேன். அது திரும்பி வந்துடுச்சி.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் நைனா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ தளத்தினியா? அதானே பாத்தேன். மேஸ்திரி போட்ட முடிச்சு லேசுல அவுறாது.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அது எகிறி ஓடனத நான் பாத்தேன் பாப்பா. கொள்ளிச்சட்டி தூக்கறவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க. இன்னொரு வாட்டி அவ மூஞ்சப் பாத்துக்கலாமேன்னு நான் திரும்பிட்டேன். பாத்தா, குஞ்சு கொல்லைக்குள்ள ஓடிக்கினு இருக்குது. வேற யாரும் கவனிக்கல. புடிங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“அவ வளத்ததாச்சே. அதுவாச்சும் பொழச்சிப் போவட்டும்னு உட்டுட்டேன். வூட்டுக்கு வந்தப்பறம்தான் ஒறச்சுது. இருக்கறது ரெண்டு பேரு. நான் போனாக்கூட பரவால்ல. உன்னக் கூப்பிட்டுட்டான்னா?”

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. என் கூழை அவர் குடித்தது, கிணற்றுக்கு விடாதது, பள்ளிக்கூடத்தை நிறுத்தியது, கயிற்றைக் கட்டவிட்டது, எல்லாம்.

“அந்த இருமல்?”

“மேஸ்திரி பொட்டி மேல குந்தினு இருந்தாரே, உள்ள அது கத்துது. வேற இன்னா பண்ணச் சொல்ற?”

நான்தான் முதலில் சிரித்தேன். நைனாவுக்கும் தாங்கவில்லை. பஜ்ஜியை நினைத்துச் சிரித்தோம், பச்சைக்கொடியை நினைத்துச் சிரித்தோம். இரண்டு முட்டாள்கள் மூன்று மாதமாக அரை வயிற்றுக்குக் கூழ் குடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் காவல் காத்திருக்கிறோம். சுமைக்காரர் ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“அப்போ அம்மா வந்து கூப்பிடாதா?” என்றேன்.

“உங்கம்மாவா? யாரையாச்சும் தொணைக்கு இட்டுக்கினு போயி நீ பாத்திருக்கியா? முட்டக் கூடயத் தூக்கிக்கினு திண்டிவனம் சந்தைக்கி ஒண்டியாத்தான் போவா. நானும் வர்றேன்டின்னா, நீ வந்தா லேட்டாவும், நீ கேட்டப் பாத்துக்கோன்னுட்டுப் பூடுவா. அவளாவது நம்பளக் கூப்பிடறதாவது.” என் மொட்டைத் தலையைத் தடவினார். “வா, வூட்டுக்குப் போலாம். டிராலி ஐயாகிட்ட நான் சொல்லிக்கறேன். இனிமே கயிறு மட்டும் வேணாம், இடுப்பு அறுக்குது.”

“கூப்பிட வர மாட்டாளா?”

“மாட்டா.”

“எதுக்குமே வர மாட்டாளா?”

“இனிமே வர மாட்டா பாப்பா” என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அழுதேன். மூன்று மாதமும் அம்மா எங்கேயோ பக்கத்தில்தான் நிற்கிறாள், எந்த நேரத்திலும் வந்துவிடுவாள் என்று பயந்துகொண்டே இருந்துவிட்டேன். அவள் செத்துப்போனது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.